விரியும் நகரங்களில் தெருக்கள் ஏன் ஒன்றோடொன்று இணைய வேண்டும்

கேட்கப்பட்டிருப்பவை மூன்று கேள்விகள். வளரும் நகரங்களின் விளிம்பில் பிரதான சாலைகளை எத்தனை முறை அகலப்படுத்தினாலும் நெரிசல் ஏன் குறைவதில்லை? தெருக்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதற்கும் நகரம் கட்டுக்கடங்காமல் பரவுவதற்கும் என்ன தொடர்பு? முட்டுச்சந்துகளில் குடியிருப்பவர்கள் அமைதியாகத்தானே வாழ்கிறார்கள், அவற்றில் என்ன குறை? மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பதால் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

ஒரு நகரம் எடுக்கும் முடிவுகளிலேயே மிக நீண்ட காலம் நிலைத்திருப்பது தெருக்களின் போக்கைப் பற்றிய முடிவுதான். கட்டடங்கள் சில பத்தாண்டுகளில் இடிக்கப்பட்டு வேறு கட்டடங்கள் எழுகின்றன. வீடு இருந்த இடத்தில் கடை வருகிறது, கடை இருந்த இடத்தில் அலுவலகம் வருகிறது. தெருவின் கோடு மட்டும் அப்படியே நிற்கிறது, ஏனெனில் அதன் இருபுறமும் உள்ள நிலம் பலருடைய பத்திரங்களில் துண்டுதுண்டாக எழுதப்பட்டுவிட்டது. இலண்டனில் 1666 செப்டம்பரில் மூண்ட பெருந்தீ, பழைய மதிலுக்குள் இருந்த நகரின் பெரும்பகுதியை அழித்தது. ஏறத்தாழ 13,200 வீடுகள் எரிந்துபோயின. சில நாள்களுக்குள்ளாகவே கிறிஸ்டோபர் ரென், ஜான் ஈவ்லின் முதலியோர் நேரான அகன்ற வீதிகளைக் கொண்ட புதிய வரைபடங்களை மன்னர் இரண்டாம் சார்லசிடம் அளித்தனர். அவற்றுள் ஒன்றுகூட நிறைவேறவில்லை. ஒவ்வொரு மனைக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார். எல்லோருக்கும் இழப்பீடு தரப் பணமும் இல்லை, வழக்குகள் முடியும்வரை காத்திருக்கக் காலமும் இல்லை. சில தெருக்கள் அகலப்படுத்தப்பட்டதையும் ஓரிரு புதிய தெருக்கள் வெட்டப்பட்டதையும் தவிர, நகரம் பழைய தடங்களின் மீதே மீண்டும் எழுந்தது. கட்டடங்களே இல்லாமல் வெறும் சாம்பலாய்க் கிடந்த நிலத்திலேயே தெருக்களை மாற்ற முடியவில்லை என்றால், கட்டி முடித்துக் குடியேறிவிட்ட ஒரு புறநகரில் அது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வளரும் நகரங்களுக்குத் தெரு இணைப்பு அவசரமான விஷயமாவது இதனால்தான்: வயல் மனையாக மாறும் அந்தச் சில ஆண்டுகளுக்குள் மிகக் குறைந்த செலவில் செய்துவிடக்கூடிய ஒன்று, அதற்குப் பிறகு ஏறக்குறைய முடியாத காரியமாகிவிடுகிறது.

இணைப்பு இல்லாமை என்றால் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் அருகிலிருந்து பார்க்கலாம். பிரதான சாலையை ஒட்டி அடுத்தடுத்து இரண்டு மனைப்பிரிவுகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் சாலையிலிருந்து 400 மீட்டர் உள்ளே செல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நுழைவாயில். அந்த இரண்டு வாயில்களுக்கும் இடையே 200 மீட்டர். மனைப்பிரிவுகளுக்கு நடுவே ஒரு பொதுச்சுவர். உட்புறத்தின் கடைக்கோடியில், அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு வீடுகள். இரண்டுக்கும் இடைவெளி 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் 400 மீட்டர் வெளியே வந்து, பிரதான சாலையில் 200 மீட்டர் சென்று, மறுபடி 400 மீட்டர் உள்ளே போக வேண்டும். இருபது மீட்டர் தொலைவு குறைந்தது ஒரு கிலோமீட்டராக, அதாவது ஐம்பது மடங்காக, ஆகிவிடுகிறது. இருபது மீட்டர் என்றால் சிறு குழந்தைகூடத் தனியாகப் போய்வரும். பிரதான சாலை வழியாக ஒரு கிலோமீட்டர் என்றால் பெரியவர்களே வண்டியை எடுக்கிறார்கள்.

அப்படி எடுக்கப்படும் வண்டி எங்கே ஓடுகிறது என்பதைக் கவனித்தால் முதல் கேள்விக்கான விடை கிடைத்துவிடும். அது பிரதான சாலையில் ஏறி, 200 மீட்டர் ஓடி, மறுபடி திரும்பி உள்ளே நுழைகிறது. தொலைதூரப் பயணத்துக்காகப் போடப்பட்ட சாலை, பக்கத்து வீட்டுக்கும் பள்ளிக்கும் கடைக்கும் போகிறவர்களையும் சுமக்க நேர்கிறது. அவர்கள் ஒவ்வொருவரும் வாயில் அருகே வேகத்தைக் குறைத்துத் திரும்புவதால், பின்னால் வரும் நெடுந்தூர வாகனங்களும் தேங்குகின்றன. இப்படிப்பட்ட மனைப்பிரிவுகள் சாலையின் இருபுறமும் பத்து, இருபது என்று வரிசையாக அமையும்போது, உள்ளே இருக்கும் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்க, அத்தனை பேரின் அத்தனை சிறு பயணங்களும் ஒரே தடத்தில் வந்து குவிகின்றன. சாலையை இன்னும் இரண்டு தடம் அகலப்படுத்தினால் சில காலம் நெரிசல் தளரும். ஆனால் அந்தச் சாலையை விட்டால் வேறு வழியே இல்லை என்ற நிலை மாறவில்லையாதலால், அடுத்த மனைப்பிரிவு நிரம்பும்போது அதுவும் நிரம்புகிறது. அகலப்படுத்தப்பட்ட சாலையை நடந்து கடப்பதும் முன்பைவிடக் கடினமாகிறது. எதிர்ப்புறக் கடைக்குக்கூட வண்டியில் போகும் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிமையானது. ஒழுங்கான கட்டங்களாக அமைந்த தெருக்களில் கிழக்கே மூன்று தெருத்துண்டுகளும் (ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரை ஒரு துண்டு) வடக்கே மூன்று தெருத்துண்டுகளும் தள்ளியிருக்கும் ஓர் இடத்துக்குப் போக, ஒரே நீளமுள்ள 20 வழிகள் இருக்கின்றன; நான்குக்கு நான்கு என்றால் 70 வழிகள். கிளைகளாகப் பிரிந்து பிரிந்து முட்டுச்சந்துகளில் முடியும் தெருவமைப்பில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த ஒரு வழியில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினாலோ, மழைநீர் தேங்கினாலோ, மரம் விழுந்தாலோ, அதற்கு அப்பால் இருக்கும் அனைவரும் அடைபட்டுப் போகிறார்கள். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் நிற்க வேண்டியதுதான். இதே குறை நிலத்தடியிலும் தொடர்கிறது. குடிநீர்க் குழாய்கள் பெரும்பாலும் தெருக்களை ஒட்டியே செல்வதால், முட்டுச்சந்தில் குழாயும் முட்டி நிற்கிறது. அங்கே நீர் தேங்கிக் குளோரின் வீரியம் இழக்கிறது, ஓரிடத்தில் பழுது பார்க்க அடைத்தால் மறுபக்கத்திலிருந்து நீர் கொடுக்க வழியில்லை. பேருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: உள்ளே போய் அதே வழியில் திரும்பி வர வேண்டிய தடத்தில் எந்த நிர்வாகமும் பேருந்து விட விரும்புவதில்லை.

தெருக்கள் எந்த அளவுக்கு இணைந்திருக்கின்றன என்பதை அளக்க நகரத் திட்டமிடுவோர் சில அளவுகோல்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, சந்திப்புகளின் எண்ணிக்கையையும் அவற்றுக்கு இடைப்பட்ட தெருத்துண்டுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுவது. பத்துக்குப் பத்து என்று நூறு சந்திப்புகள் கொண்ட கட்ட அமைப்பில் 180 தெருத்துண்டுகள் இருக்கும், விகிதம் 1.8, முட்டு முனைகளையும் சேர்த்து நூறு புள்ளிகள் கொண்ட கிளை அமைப்பில் 99 தெருத்துண்டுகளே இருக்கும், விகிதம் ஒன்றுக்கும் கீழே போய்விடும். புதிய மனைப்பிரிவுகளுக்கு இந்த விகிதம் 1.4-க்குக் குறையக்கூடாது என்று விதி வைத்துள்ள ஊர்கள் அமெரிக்காவில் உண்டு. இரண்டாவது, ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை சந்திப்புகள் என்பது. மூன்றாவது, நடந்து போகும் தொலைவு நேர்கோட்டுத் தொலைவைப்போல் எத்தனை மடங்கு என்ற விகிதம். கட்ட அமைப்பில் இது மிக மோசமான திசையில்கூட 1.41-ஐத் தாண்டாது, சராசரியாக 1.27 அளவில் நிற்கும். மேலே சொன்ன இரண்டு வீடுகளுக்கு இடையே அது 50. இந்த மூன்றாவது அளவையே நான் பெரிதும் நம்புகிறேன், ஏனெனில் தெருவில் நடக்கும் மனிதர் உண்மையில் அனுபவிப்பது அதைத்தான்.

ஐக்கிய நாடுகள் அவையின் குடியிருப்புத் திட்ட அமைப்பு, புதிதாக உருவாகும் நகர்ப்பகுதிகளில் ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 18 கிலோமீட்டர் தெரு நீளம் இருக்க வேண்டும், நிலத்தில் குறைந்தது 30 விழுக்காடு தெருக்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. கேட்பதற்கு வறட்சியான எண்கள்தாம். அவற்றைத் தரையில் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய 110 மீட்டருக்கு ஒரு குறுக்குத்தெரு என்றும், தெருக்களின் சராசரி அகலம் 16 அல்லது 17 மீட்டர் என்றும் ஆகிறது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கையா தெருவுக்குக் கொடுப்பது என்று நில உரிமையாளர் தயங்குவது இயல்பே. ஆனால் மீதமுள்ள நிலத்தின் மதிப்பு பெருமளவுக்கு அந்தத் தெருக்களிலிருந்தே வருகிறது. வழி இல்லாத மனையை யார் வாங்குவார்கள்?

கட்டமாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர மையத்தில் தெருக்களால் சூழப்பட்ட ஒவ்வொரு மனைத்தொகுதியும் பக்கத்துக்கு 61 மீட்டர். சால்ட் லேக் சிட்டியின் பழைய பகுதியில் அதுவே 201 மீட்டர். வரைபடத்தில் இரண்டுமே அழகான சதுரங்களாகத் தெரியும். ஒன்றில் நடப்பவர் ஒரு நிமிடத்துக்குள் அடுத்த திருப்பத்தை அடைகிறார். மற்றதில் இரண்டரை நிமிடம் நடந்த பிறகே வழி மாற்றும் வாய்ப்பு வருகிறது. இங்கிலாந்தில் 1967-இல் புதுநகரமாக அறிவிக்கப்பட்ட மில்டன் கீன்ஸில் பெரிய சாலைகள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கட்டம் போட்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் தெருக்கள் வளைந்து சுருண்டு தனித்தனியாக அடங்கிவிடுவதால், நகரம் காரை நம்பியே ஓடுகிறது. பெரிய கட்டம், சிறிய கட்டம் இரண்டும் சேர்ந்தால்தான் வலை முழுமை பெறும்.

இப்போது இரண்டாவது கேள்வி. நகரப் பரவல் என்று சொல்லும்போது பொதுவாக நாம் நினைப்பது, குறைந்த அடர்த்தியில் வீடுகள் வெகுதூரம் விரிந்துகிடப்பதை. தெரு இணைப்பின்மை அதிலிருந்து வேறுபட்ட ஒன்று. அடர்த்தியான அடுக்குமாடிகள் நிறைந்த இடத்திலும் அது இருக்க முடியும். ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. நடந்து போக முடியாத அமைப்பில் ஒவ்வொருவருக்கும் வாகனம் வேண்டும்; வாகனத்துக்கு நிறுத்துமிடம் வேண்டும்; நிறுத்துமிடம் கட்டடங்களைத் தள்ளித்தள்ளி வைக்கிறது; தள்ளி வைத்ததால் தொலைவு கூடி மேலும் வாகனம் தேவைப்படுகிறது. நடந்து வரும் வாடிக்கையாளர் இல்லாததால் உள்தெருக்களில் சிறு கடைகள் பிழைப்பதில்லை. வணிகம் முழுவதும் பிரதான சாலையின் ஓரத்துக்குப் பெயர்ந்து, அந்தச் சாலையின் வழியே நகரம் நீண்டுகொண்டே போகிறது. ஓர் இடத்தின் அடர்த்தியைப் பிற்காலத்தில் கூட்டலாம், தனி வீடு இருந்த மனையில் நான்கு வீடு கட்டலாம். அவ்வளவு பேரின் போக்குவரத்தைத் தாங்கும் தெருவலை அங்கே இல்லையென்றால் அந்த வளர்ச்சிக்கும் வழி அடைபட்டு, நகரம் வெளியேதான் பரவும்.

இது ஆய்வுகளிலும் தெளிவாகத் தெரிகிறது. ஈவிங், செர்வெரோ ஆகிய இருவரும் 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சந்திப்புகளின் அடர்த்தி 10 விழுக்காடு கூடினால் நடந்து செல்வது ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுவதோடும், வாகனங்கள் ஓடும் தொலைவு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைவதோடும் தொடர்புடையதாகக் கண்டனர். பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தையும் 1975 முதலான செயற்கைக்கோள் தரவுகளையும் இணைத்து உலகம் முழுவதன் தெருவலைகளையும் அளந்தார்கள். 2020-இல் வெளியான அவர்களது முடிவு, 1975-க்குப் பின் உலகில் புதிதாகக் கட்டப்பட்ட பகுதிகளின் தெருக்கள் பொதுவாக முன்பைவிட இணைப்புக் குறைந்தவையாக இருக்கின்றன என்பது. தென்கிழக்கு ஆசியாவில் இந்தப் போக்கு மிகவும் கவலைதரும் அளவில் உள்ளது. எல்லா இடத்திலும் அப்படி நேரவில்லை என்பதும் அதே அளவுக்கு முக்கியமானது. பொலிவியா, அர்ஜென்டினா, பெரு போன்ற நாடுகளில் புதிய பகுதிகளும் கட்டமாகவே தொடர்கின்றன. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் 1573-இல் குடியேற்ற நகரங்களுக்கு விதித்த கட்ட அமைப்பின் பழக்கம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவிலோ, அதே ஆய்வாளர்களின் முந்தைய கணக்கின்படி, இணைப்பின்மை 1990-களின் நடுவில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கத் தொடங்கியது. ஆக, இது வளர்ச்சியோடு வந்தே தீரும் விதி என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. விதிமுறைகளும் பழக்கமும் உண்டாக்கியதை விதிமுறைகளாலும் பழக்கத்தாலும் மாற்ற முடியும்.

முட்டுச்சந்துகள் எப்படிப் பரவின என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவை கெட்ட எண்ணத்தில் பிறந்தவை அல்ல. இங்கிலாந்தில் நெருக்கடியான தொழிலாளர் குடியிருப்புகளைச் சீர்படுத்த வந்த உள்ளாட்சி விதிகள் அடைபட்ட தெருக்களைத் தடுத்திருந்தன. ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகருக்காக 1906-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றிய பிறகுதான் நகரத் திட்டமிடுநர் ரேமண்ட் அன்வின் அங்கே முட்டுச்சந்துகளை வடிவமைக்க முடிந்தது. 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் ராட்பர்ன் என்ற குடியிருப்பை உருவாக்கினார்கள். அங்கே கார்களுக்கான தெருக்கள் முட்டி நிற்கும். வீடுகளின் மறுபுறத்தில் பூங்காவும், பூங்கா வழியே நடைபாதைகளும், பெரிய சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதையும் இருக்கும். கார் சுற்றிப் போக வேண்டும், குழந்தை நேராகப் போகலாம் என்பதே அதன் உட்பொருள். அந்த அமைப்பைப் பின்பற்றியவர்கள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டார்கள். நடைபாதைகளை விட்டுவிட்டார்கள், ஏனெனில் விற்க முடியாத நிலத்தில் பாதை போடுவது செலவு. 1934-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வீட்டுக்கடன் காப்புறுதி தரும்போது கட்ட அமைப்பைத் தவிர்த்து வளைந்த தெருக்களையும் முட்டுச்சந்துகளையும் பரிந்துரைத்தது; கடன் எந்த அமைப்புக்கு எளிதில் கிடைக்கிறதோ அதைத்தானே கட்டுவார்கள். நல்ல யோசனை ஒன்றின் பாதியை மட்டும் பின்பற்றியதன் விலையைப் பிந்தைய தலைமுறைகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இன்று வேகமாக வளரும் நகரங்களில் காரணம் பெரும்பாலும் இதைவிட எளியது: யாரும் முழுப் படத்தைப் பார்ப்பதில்லை. ஒரு விவசாயியின் நிலம் விற்கப்படுகிறது; வாங்கியவர் அந்த எல்லைக்குள் அதிக மனைகள் எப்படிக் கிடைக்கும் என்று பார்த்துத் தெருக்களை வரைகிறார்; ஒப்புதல் தரும் அலுவலகம் அந்த எல்லைக்குள் தெருவின் அகலம் சரியா, பூங்காவுக்கு இடம் விட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. பக்கத்து நிலம் அடுத்த ஆண்டு விற்பனைக்கு வரும்போது அங்கே தெரு வேறு இடத்தில் தொடங்கி வேறு இடத்தில் முடிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வரைபடமும் விதிகளுக்கு உட்பட்டதுதான். சேர்த்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கும் தீவுகள். இவற்றோடு சுற்றுச்சுவரும் வாயிற்காவலும் கொண்ட பெரிய வளாகங்கள் சேரும்போது நிலைமை இன்னும் இறுகுகிறது. சீனாவில் இத்தகைய பெருவளாகங்களே நகரமாகிப்போனதை உணர்ந்து, 2016 பிப்ரவரியில் அந்நாட்டின் மத்திய அரசு, மதிலடைத்த புதிய குடியிருப்புகளைக் கைவிட்டு, குறுகிய தெருக்கள் நெருக்கமாக அமைந்த வலைக்கு மாற வேண்டும் என்றும், நகரங்களின் சாலை அடர்த்தி 2020-க்குள் சதுர கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டரை எட்ட வேண்டும் என்றும் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏற்கெனவே மதிலுக்குள் வீடு வாங்கியவர்களிடமிருந்து அதற்கு எழுந்த எதிர்ப்பு, கட்டிய பிறகு திறப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டியது.

அந்த எதிர்ப்பை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தம் வீட்டு வாசலில் அந்நியர்களின் வாகனங்கள் விரைந்து ஓடுவதை யாரும் விரும்புவதில்லை. இங்கிலாந்தின் மெர்சிசைட் பகுதியில் ஜான்சன், பவர்ஸ் ஆகியோர் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முட்டுச்சந்துகளில் வீடு புகுந்து திருடும் ஆபத்து குறைவாகவே இருந்தது. நாற்சந்திகளில் விபத்து வாய்ப்பும் கூடுதல்தான்: நான்கு தெருக்கள் கூடும் சந்திப்பில் வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் 32, முச்சந்தியில் 9. இவை அனைத்தும் உண்மை. ஆனால் விபத்தைத் தெரு அளவில் பார்ப்பதும் நகர அளவில் பார்ப்பதும் வேறு. கலிபோர்னியாவின் 24 நகரங்களை ஒப்பிட்ட மார்ஷல், கேரிக் இருவரும், சந்திப்புகள் நெருக்கமாக உள்ள நகரங்களில் உயிரிழப்பும் கடும் காயமும் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். அடிக்கடி சந்திப்பு வரும் இடத்தில் வேகம் எடுக்க முடியாது. முட்டுச்சந்துக்குள் அமைதியாக இருக்கும் குடும்பமோ ஒவ்வொரு நாளும் வேகமாக வாகனங்கள் ஓடும் பிரதான சாலை ஒன்றில்தான் வந்து இறங்குகிறது. என் வீட்டு வாசலின் அமைதிக்கு விலையாக வரும் ஆபத்து அந்தச் சாலையோரத்தில் குடியிருப்பவர்மீதும், அதைக் கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்மீதும் ஏற்றப்படுகிறது.

அமைதியையும் இணைப்பையும் சேர்த்தே பெற வழி உண்டு. தெரு நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் திறந்திருக்கட்டும், காருக்கு மட்டும் குறிப்பிட்ட இடத்தில் அடைபடட்டும் என்பதே அது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977-இல் தன் மையப்பகுதியை நான்கு பிரிவுகளாகப் பிரித்தது. ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாது, வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும், சைக்கிளில் நேராகப் போகலாம். அதே நாட்டின் ஹவுட்டன் நகரம் முழுவதுமே அப்படித்தான் கட்டப்பட்டது. பார்சிலோனாவில் பொறியாளர் செர்தா 1859-இல் திட்டமிட்ட, பக்கத்துக்கு ஏறத்தாழ 113 மீட்டர் கொண்ட மனைத்தொகுதிகளில் ஒன்பதைச் சேர்த்து ஒரே அலகாக்கி, உள்தெருக்களில் ஊடுருவிச் செல்லும் வாகனங்களைத் தடுத்திருக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, பார்சிலோனாவால் இதைச் செய்ய முடிந்ததற்கு அடிப்படையே அந்தப் பழைய கட்டம்தான். இணைந்த தெருவைப் பிற்காலத்தில் ஒரு பூந்தொட்டியும் இரண்டு தூண்களும் வைத்து அடைத்துவிடலாம், தேவைப்பட்டால் திரும்பத் திறக்கலாம். இணையாத தெருவைத் திறக்க வீட்டை இடிக்க வேண்டும்.

வளரும் நகரம் ஒன்று என்ன செய்ய வேண்டும் என்றால், முதலில் பெரிய சாலைகளின் கட்டத்தை நகரம் வந்து சேரும் முன்பே தரையில் குறித்துவிட வேண்டும். ஷ்லோமோ ஏஞ்சலும் அவரது நியூயார்க் பல்கலைக்கழகக் குழுவினரும் எத்தியோப்பியாவின் சில நகரங்களிலும் கொலம்பியாவின் சில நகரங்களிலும் செய்ய உதவியது இதைத்தான்: இப்போது வயலாக இருக்கும் விரிவுப் பகுதியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக, 30 மீட்டர் அகலச் சாலைகளுக்கான நிலத்தை மட்டும் இப்போதே உறுதிசெய்வது. தார் போடப் பணம் பிறகு வரட்டும். கோடு முதலில் வர வேண்டும். ஒரு கிலோமீட்டர் இடைவெளி என்பதற்கும் காரணம் இருக்கிறது: கட்டத்தின் நட்டநடுவில் இருப்பவருக்கும் பேருந்துச் சாலை 500 மீட்டருக்கு மேல் போகாது.

அடுத்தது, அந்தக் கட்டங்களுக்குள் நிலத்தைப் பிரிக்கும் முறை. பல உரிமையாளர்களின் ஒழுங்கற்ற நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, தெருவுக்கும் பூங்காவுக்கும் உரிய பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைச் சீரான மனைகளாகத் திருப்பித் தரும் முறை நூறாண்டுக்கும் மேல் பழமையானது. ஃபிராங்க்பர்ட் மேயர் ஆடிக்கெஸ் முயற்சியால் 1902-இல் அதற்குச் சட்டம் வந்தது. ஜப்பான் 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவை மீட்டெடுக்க இதையே கையாண்டு 1954-இல் தனிச்சட்டமும் இயற்றியது. குஜராத்தின் 1976-ஆம் ஆண்டு நகரத் திட்டச் சட்டத்தின் கீழ் அகமதாபாத்தின் விரிவுப் பகுதிகள் பல இப்படித்தான் உருவாயின. யாரும் முழு நிலத்தையும் இழப்பதில்லை, எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள், எல்லோருக்கும் வழி கிடைக்கிறது. இதைவிட நியாயமான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த முறை இல்லாத இடங்களில் ஒப்புதல் விதிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2009-இல் ஒரு நேரடியான வழியைக் கையாண்டது: பக்கத்து நிலங்களோடு இணையாத புதிய தெருக்களைப் பராமரிக்க அரசு ஏற்காது. 2011-இல் சில எண் வரம்புகள் தளர்த்தப்பட்டாலும் இணைப்பு வேண்டும் என்ற அடிப்படை நீடித்தது. போர்ட்லாந்து பெருநகர அமைப்பு, புதிய பகுதிகளில் தெருக்களுக்கு இடையே 530 அடிக்கு, அதாவது ஏறக்குறைய 160 மீட்டருக்கு, மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்று வைத்திருக்கிறது. விதியில் ஒன்றைத் தவறாமல் சேர்க்க வேண்டும். பக்கத்து நிலம் இன்னும் வயலாக இருந்தாலும், இந்த மனைப்பிரிவின் தெரு எல்லைவரை சென்று, சுவர் இல்லாமல் திறந்து நிற்க வேண்டும். அப்படி நிற்கும் தெருமுனையில் இந்தத் தெரு பிற்காலத்தில் நீட்டிக்கப்படும் என்று முதல் நாளிலேயே பலகை வைப்பது சில ஊர்களின் வழக்கம். அது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பலகை இல்லாவிட்டால், பத்து ஆண்டுகள் அந்த முனையைக் குழந்தைகளின் விளையாட்டிடமாகவும் வண்டி நிறுத்தமாகவும் பயன்படுத்தியவர்கள், நீட்டிப்பு வரும்போது தங்களுடையது பறிபோவதாக உணர்ந்து எதிர்ப்பார்கள், அந்த எதிர்ப்பில் பெரும்பாலும் வெல்லவும் செய்வார்கள்.

ஏற்கெனவே அடைபட்டுப்போன புறநகர்களில் வாகனத் தெருவைத் திறப்பது அரிது. நடைவழியைத் திறப்பது கடினமில்லை. வரைபடத்தில் பள்ளி, பேருந்து நிறுத்தம், சந்தை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நேர்கோட்டுத் தொலைவுக்கும் நடக்கும் தொலைவுக்கும் விகிதம் எங்கே மிக அதிகமாக இருக்கிறது என்று பார்த்தால், எந்தச் சுவரில் முதலில் வழி திறக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். இரண்டு மூன்று மீட்டர் அகலம் போதும். இருபுறத்து வீடுகளின் சன்னல்களிலிருந்து பார்வை படுவதாகவும், விளக்கு உள்ளதாகவும், ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியும்படி நேராகவும் இருக்க வேண்டும்; வளைந்து இருண்ட சந்தாக அமைத்தால் பெண்களும் முதியவர்களும் தவிர்ப்பார்கள், பிறகு அதுவே மறுபடி சுவர் எழுப்பக் காரணமாகிவிடும். சுவரோரத்து மனை ஒன்று விற்பனைக்கு வரும்போது உள்ளாட்சி அதை வாங்கி, பாதைக்கு வேண்டிய கீற்றைப் பொதுவழியாகப் பதிவுசெய்துவிட்டு, மீதியைத் திரும்ப விற்கலாம். பதிவு முக்கியம். வாய்மொழி இசைவில் திறக்கப்பட்ட வழி, அடுத்த உரிமையாளர் வந்ததும் பூட்டப்படுகிறது.